உமி சாரும் ஏழாவது பாட்டிலும்

விழுப்புரம் மாவட்டத்தில் எந்த ரைஸ் மில்லுக்குப் போனாலும் நாய் குரைக்காத ஒரே மனிதர் எங்கள் உமி சார்தான். சொந்த முதலாளியைப் பார்த்தே குரைக்கிற நாய்கள் இருக்கின்றன. அவைகூட உமி சாரைப் பார்த்தால் உமிக் குவியலில் இருந்து எழுந்து, உடம்பை உதறி, தள்ளிப் படுத்துக்கொள்ளும். அத்தனை தடவை அந்த மனிதர் அங்கே போயிருக்கிறார்.

அவருடைய நிஜப் பெயர் காலேஜ் வருகைப் பதிவேட்டில் இருந்தது. வேறு எங்கேயும் இல்லை. திண்டிவனம் பக்கத்தில் ஒரு இன்ஜினியரிங் காலேஜில் அவர் கெமிஸ்ட்ரி வாத்தியார். நான் அதே லேபில் பாட்டில் கழுவினவள். எட்டாவதோடு நின்றுவிட்டேன். போன மாதம் உமி சார் செத்துப்போனார். நாற்பத்தாறு வயது. மார் வலிக்கிறது என்று உட்கார்ந்தாராம், எழுந்திருக்கவில்லையாம். போனில் சொன்னார்கள். செத்துப்போனார் என்பது அன்றைக்கு முழுக்க மண்டையில் ஏறவே இல்லை. உட்கார்ந்தார் என்பதைத்தான் என்னால் நம்ப முடியவில்லை. நான் பார்த்த வரைக்கும் அவர் உட்காருகிற ஆள் கிடையாது. டீ குடித்தால் நடந்துகொண்டே குடிப்பார். பாடம் நடத்தினால் கடைசி பெஞ்சுக்கும் போர்டுக்கும் நடுவே ஓடுவார். பையன்கள் கழுத்து வலிக்கிறது என்று புகார் கொடுத்திருக்கிறார்கள்.

அவர் செய்த வேலை என்ன என்று கேட்டால் எனக்கு அவர் சொன்ன மாதிரிதான் சொல்லத் தெரியும். நெல்லுச் செடி தண்ணீரோடு மண்ணில் இருக்கிற மணல் சத்தையும் கரைத்துக் குடிக்கிறது. அதை உமியில் சேர்த்து வைக்கிறது. உமியை எரித்தால் வருகிற வெள்ளைச் சாம்பல் அதுதான். அந்தச் சாம்பலில் இருந்து சிலிக்கானைப் பிரித்து, ஆசிட்டில் போட்டு அரித்து அரித்து, கண்ணுக்கே தெரியாத துகளாக ஆக்கினால் அது வெளிச்சம் விடும். கள்ள நோட்டு பார்க்கிற ஊதா லைட்டை அதன்மேல் அடித்தால் அடுப்புக் கங்கு மாதிரி சிவப்பாக எரியும். சூடு இருக்காது.

"அது எதுக்கு சார்?" என்று முதல் நாளே கேட்டேன். லேபை இருட்டாக்கினார். டார்ச்சை எரியவிட்டு என் உள்ளங்கையை அதன்மேல் வைக்கச் சொன்னார்.

"இன்னா தெரியுது?"

"கை செவப்பா தெரியுது சார்."

"மத்த கலரெல்லாம் எங்க போச்சி?"

"தெரியலியே சார்."

"உன் சதை தின்னுட்டுது. செவப்புதாம்மா சதையத் தாண்டி வெளிய வரும். இந்தத் தூள உடம்புக்குள்ள வுட்டா, கெட்ட கட்டி எங்க குந்திகினு இருக்குதோ அங்கப் போயி ஒட்டிகினு செவப்பா எரியும். டாக்டரு வெளியேர்ந்தே பாத்துக்கலாம். பாத்து முடிச்சதும் தானா கரைஞ்சி ஒண்ணுக்கோட போயிடும். விசமில்ல, வெறும் உமி."

சிக்கல் ஒன்றே ஒன்றுதான். அந்தத் தூளைத் தண்ணீரில் போட்டால் ஒரே நாளில் அணைந்துவிடும். உடம்போ முழுக்கத் தண்ணீர். அணையாமல் இருக்க ஒவ்வொரு துகளுக்கும் ஒரு சட்டை மாட்ட வேண்டும் என்பார். அந்தச் சட்டைக்குத்தான் எட்டு வருஷமாக அலைந்துகொண்டிருந்தார். டாக்டர் பட்டத்துக்குப் பதிவு செய்து, ஒரு தடவை காலம் நீட்டி, இரண்டாம் தடவையும் நீட்டியாகிவிட்டது. இனிமேல் நீட்ட மாட்டோம், முப்பது நாள் தண்ணீரில் அணையாத வெளிச்சத்தைக் கமிட்டி முன்னால் காட்டு, இல்லையென்றால் பதிவு ரத்து என்று கடிதம் வந்திருந்தது. பட்டம் இல்லாத வாத்தியாரை வைத்துக்கொள்ள மாட்டோம் என்று காலேஜும் சொல்லிவிட்டது. ஆக, அந்தத் தூள் அணைந்தால் இவர் வேலையும் அணைந்துவிடும்.

வளவனூர் மில்லுக்கு ஒரு தடவை நானும் கூடப் போனேன். மில்காரர் புதியவர்.

"உமியா? கோழிப் பண்ணைக்கா, செங்கல் சூளைக்கா?"

"டாக்டருக்குங்க."

"டாக்டரு உமி தின்றாரா? எத்தினி மூட்ட வோணும்?"

"ரெண்டு புடி போதுங்க. ஆனா பச்சரிசி உமியா இருக்கணும், அவிச்ச நெல்லு ஆவாது."

மில்காரர் என்னைப் பார்த்தார், யாராவது பெரியவர்கள் கூட வரவில்லையா என்பதுபோல. அதற்குள் உமி சார் ஒரு சிட்டிகை உமியை வாயில் போட்டு மென்று, கண்ணை மூடி, துப்பி, "தூசி இருக்குது, வேணாங்க" என்று சொல்லிவிட்டு நடந்துவிட்டார். மில்காரருக்கு ரோஷம் வந்துவிட்டது. "யோவ் சாரு, இங்க வாய்யா. எம்மில்லு உமியில தூசின்னு எவனும் சொன்னதில்ல" என்று பின்னாலேயே வந்து, சலித்த உமி ஒரு மூட்டையை பஸ்ஸில் ஏற்றிவிட்டார். இரண்டு பிடிக்குப் போனவர் ஒரு மூட்டையோடு வந்தார். பெயர் அப்படித்தான் நிலைத்தது.

ஆசிட் விஷயத்தில் மட்டும் அவர் வேறு ஆள். அந்த ஆசிட் கண்ணாடியையே தின்னும், பிளாஸ்டிக்கை விட்டுவிடும். கையில் ஒரு சொட்டு பட்டால் எலும்பு வரைக்கும் போகும் என்றார். அந்த மூலைக்கு யாரும் வரக்கூடாது என்று சாக்பீஸில் கோடு போட்டார். எல்லோரும் தாண்டினார்கள். இங்கிலீஷில் அபாயம் என்று எழுதி, மண்டையோடு வரைந்து மாட்டினார். எங்கள் டிபார்ட்மென்ட் தலைவர் எச்.ஓ.டி. அந்தப் பலகையிலேயே துண்டைக் காயப்போட்டார்.

ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு, "அஞ்சல, உனக்குக் கோலம் வருமா?" என்றார்.

"வரும் சார். சிக்குக் கோலமா, பூக்கோலமா?"

"எது போட்டா மிதிக்க மாட்டாங்களோ அது."

கோட்டின்மேல் பட்டையாகச் சிக்குக் கோலம் போட்டேன். மறுநாள் எச்.ஓ.டி. வேகமாக வந்தார், கோலத்தைப் பார்த்தார், பிரேக் போட்ட மாதிரி நின்றார். கையை நீட்டி அந்தப் பக்கம் இருந்த ஃபைலை எடுக்கப் பார்த்தார், எட்டவில்லை, திரும்பிப் போய்விட்டார். உமி சார் ஓடி வந்து என்னிடம் சொன்னார்: "மண்டையோட்ட மிதிப்பானுங்க. கோலத்த மிதிக்க மாட்டானுங்க. இதுதாம்மா நம்ம ஊரு சேஃப்டி." அதற்குப் பிறகு வாரம் ஒரு தடவை லேபில் கோலம் புதுப்பிப்பது என் வேலையில் சேர்ந்தது. ஆசிட் எடுக்கிற நாளில் நான்கூட அதைத் தாண்டக் கூடாது.

சட்டை விஷயம் சரியாகவே வரவில்லை. என்னென்னவோ பூசிப் பார்த்தார். மூன்றாம் நாள், நாலாம் நாள் அணைந்துவிடும். டி.வி. வந்த அட்டைப் பெட்டிக்குள் ஊதா லைட்டை வைத்து, மேலே கறுப்புத் துணி போர்த்தி, அதற்குள் தலையை விட்டுப் பார்ப்பார். பார்த்துவிட்டு வெளியே எடுக்கிற தலை எப்போதும் தொங்கித்தான் இருக்கும்.

திடீரென்று ஒரு வாரம் தலை தொங்கவில்லை. ஆறு பாட்டிலும் அணையாமல் எரிகிறது என்றார். சிவப்பாக இல்லை, நீலமாக எரிகிறது. துகள் சின்னதாகச் சின்னதாக நீலமாகும் என்று புத்தகத்தில் இருக்கிறது என்று அவருக்கு அவரே சொல்லிக்கொண்டார். பத்து நாள் ஆயிற்று, இருபது நாள் ஆயிற்று, நீலம் அப்படியே இருந்தது. மனிதர் பறந்தார். மாடிப்படியில் இரண்டிரண்டு படியாக ஏறுகிறவர் மூன்று மூன்றாக ஏறினார். கமிட்டிக்குத் தேதி வாங்கிவிட்டார்.

இருபத்தாறாம் நாள் காலையில், "நீயும் பாரும்மா, நீ கழுவுன பாட்டிலுதான்" என்று என்னைப் பெட்டிக்குள் தலை விடச் சொன்னார். விட்டேன். ஆறு பாட்டிலும் நீலமாக, அழகாக இருந்தன. பாட்டிலைத் திருப்பிக் காட்ட அவர் கையை உள்ளே விட்டார். அவருடைய வெள்ளைச் சட்டைக் கையும் அதே நீலமாக எரிந்தது.

"சார், உங்க சட்டையும் எரியுது."

"அது சோப்புத்தூளும்மா. வெள்ளையா தெரியணும்னு அதுல ஒரு மருந்து கலப்பான். ஊதா லைட்டுக்கு அது நீலமாத்தான் எரியும். அத வுடு, இந்த மூணாவது பாட்டிலப் பாரு."

நான் மூணாவது பாட்டிலைப் பார்க்கவில்லை. அந்தச் சட்டைக் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது. லேபில் பாட்டில் கழுவுகிற மருந்து தீர்ந்துபோய் இரண்டு மாதம் ஆகியிருந்தது. வாங்க வேண்டும் என்று எழுதின காகிதம் எங்கேயோ கையெழுத்துக்குக் காத்திருந்தது. சும்மா தண்ணீரில் கழுவ மனசு வரவில்லை. எங்கள் வீட்டில் என் தம்பியின் பள்ளிக்கூடச் சட்டைக்குப் போடுகிற சோப்புத்தூளைக் கொண்டுவந்து போட்டு, சார் பாட்டில் பளபளவென்று இருக்கட்டும் என்று தேய்த்தேன். மூன்று தடவை அலச வேண்டும் என்பது சட்டம். அது நாள் பாதி கரண்ட் இல்லாத காலம். மோட்டார் ஓடாது, டேங்க் காலி. இரண்டு பக்கெட் தண்ணீரில் எல்லாவற்றையும் கழுவ வேண்டும். நான் ஒரே ஒரு தடவைதான் அலசினேன்.

யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் என் வேலை போகும். சொல்லாவிட்டால் அவர் கமிட்டி முன்னால் போய் நின்று சோப்பைக் காட்டுவார். ஒருவேளை என் சந்தேகம் தப்பாகவும் இருக்கலாம் இல்லையா. அப்படி இருக்கட்டும் என்று மயிலம் முருகனை வேண்டிக்கொண்டு, ஒரு காலி பாட்டிலை எடுத்தேன். அதே சோப்புத்தூள் போட்டேன், ஒரே ஒரு தடவை அலசினேன், தண்ணீர் ஊற்றினேன். ஆறு பாட்டிலோடு ஏழாவதாக வைத்துவிட்டேன்.

மறுநாள் காலையில் பெட்டிக்குள் தலையை விட்டவர் சத்தம் போட்டார். "அஞ்சல, ஜல்தி வா. எது இந்த ஏழாவது? எல்லாத்த விட இது நல்லா எரியுது. நம்பர் எழுதல பாரு, எந்த பேட்ச் இது? மவராசன், எந்த நேரத்துல செஞ்சேனோ தெரியல."

"சார்."

"நோட்ட எடு, நோட்ட எடு. போன மாசம் செஞ்சதா இருக்கும்."

"சார், அதுல ஒண்ணுமில்ல சார்."

"ஒண்ணுமில்லன்னா?"

"வெறும் பாட்டில் சார். நான்தான் வெச்சேன். வீட்டு சோப்புத்தூள் போட்டுக் கழுவிகினு இருந்தேன். ஒரு தடவதான் அலசினேன்."

அவர் தலை பெட்டிக்குள்ளேயே இருந்தது. கறுப்புத் துணிக்கு வெளியே முதுகு மட்டும் தெரிந்தது. நான் அழ ஆரம்பித்துவிட்டேன். பெட்டிக்குள் இருந்து குரல் வந்தது.

"எந்த சோப்பு?"

சொன்னேன்.

"நல்ல சோப்புதான்" என்றார்.

தலையை வெளியே எடுத்து, ஆறு பாட்டிலில் இருந்ததையும் சுத்தமான வேறு பாட்டில்களில் செய்து பார்க்க எத்தனை நாள் ஆகும் என்று விரலில் எண்ணினார். கமிட்டிக்கு நான்கு நாள்தான் இருந்தது. லேபைச் சுற்றி நான்கு தடவை நடந்தார். கோலத்தை மட்டும் மிதிக்காமல் நடந்தார்.

அந்த நேரம் பார்த்து எச்.ஓ.டி. வந்தார். என் அழுகையைப் பார்த்துவிட்டு விஷயத்தைக் கேட்டார். கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தினார்.

"யோவ், கமிட்டிக்கு வெளிச்சம் வோணும். வெளிச்சம் இருக்குது. காட்டிட்டு வந்துடு. சோப்புன்னு யாரு கண்டா?"

"இந்தப் பொண்ணு கண்டுதே சார்" என்றார் உமி சார்.

"அது பாட்டில் கழுவுற பொண்ணுய்யா."

"ஆமா சார். பாட்டில் கழுவுற பொண்ணு கண்டுபுடிச்சிது, நான் எட்டு வருசமா பாத்துகினு இருக்கேன், எனக்குத் தெரியல. நாளைக்கி எவனாவது இத ஒரு நோயாளி உடம்புல வுட்டுட்டு, கட்டி இல்லாத எடத்துல கட்டின்னு கத்தி வெச்சான்னா?"

எச்.ஓ.டி. என்னைப் பார்த்து, "இத மொதல்ல வேலைய வுட்டுத் தூக்கணும்" என்றார்.

அதற்கு உமி சார் சொன்ன பதிலை நான் சாகும் வரைக்கும் மறக்க மாட்டேன். "வேணாம் சார். இது எப்படி மோசமா கழுவும்னு இப்பதான் எனக்குத் தெரிஞ்சிது. புதுசா வர்றவங்க எப்படி மோசமா கழுவுவாங்கன்னு தெரியாதே. அது தெரிய இன்னும் எட்டு வருசம் ஆவும்."

கமிட்டியில் நடந்ததை அந்த எச்.ஓ.டி.யே பிற்பாடு நூறு பேரிடம் சொல்லிச் சிரித்தார். உமி சார் ஏழு பாட்டிலையும் கொண்டுபோய்க் காட்டினாராம். எல்லோரும் மாறி மாறிப் பெட்டிக்குள் தலையை விட்டு, அருமை, அருமை என்றார்களாம். ஏழாவது ரொம்ப அருமை என்று ஒருவர் கை கொடுத்தாராம். கையைக் குலுக்கி முடித்த பிறகு, "இதுல சோப்பு இருக்குதுங்க. மத்த ஆறுலயும் சோப்புதான் இருக்குதுங்க. எங்கிட்ட வெளிச்சம் இல்லைங்க" என்றாராம். கை கொடுத்தவருக்குச் சிரிப்பு வந்து இருமலாகி, தண்ணீர் கொடுக்க வேண்டியதாயிற்றாம். பிறகு ஆறு மாதம் கொடுத்தார்கள். ஆறு மாதத்துக்கு மேல் ஒரு நாள்கூட இல்லை என்று எழுதியே கொடுத்தார்கள்.

அந்த ஆறு மாதம் எப்படிப் போயிற்று என்று நினைத்தால் இன்னும் மூச்சு வாங்குகிறது.

புதுச் சட்டை ஒன்று கிடைத்தது. விளக்கெண்ணெயில் இருந்து எடுக்கிற ஒரு திரவம். அதன் ஒரு நுனி துகளைப் பிடித்துக்கொள்ளும், மறு நுனி தண்ணீரோடு சமாதானமாகப் போய்விடும் என்றார். ஆனால் பல மணி நேரம் சூட்டில் வைத்துக் கலக்கிக்கொண்டே இருக்க வேண்டும். காற்று படக் கூடாது. நிறுத்தினால் பாழ். கரண்டோ வரும், போகும். திண்டிவனத்தில் போகிற நேரம் விழுப்புரத்தில் இருக்கும். விழுப்புரத்தில் போகிற நேரம் திண்டிவனத்தில் இருக்கும். உமி சார் வீடு விழுப்புரத்தில். என்ன செய்திருப்பார் என்று உங்களுக்கே தெரிந்திருக்கும்.

ஹாட்பாக்ஸ் ஒன்று வாங்கினார். அதற்குள் சூடு போகாமல் இருக்க உமி நிரப்பி, நடுவில் குடுவையைப் புதைத்தார். குடுவையின் வாயில் ஒரு குழாய், குழாயின் மேல் ஒரு பலூன். வெளிக்காற்று போகாமல் இருக்க அந்த பலூனில் வேறு காற்று. பிறந்த நாள் பலூன்தான், மஞ்சள் கலர். இதை மடியில் வைத்துக்கொண்டு திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் பஸ்ஸில் போய்ப் போய் வந்தார். என் வீடு விக்கிரவாண்டியில், டோல்கேட் தாண்டி. அதனால் பாதி வழிக்கு மேல் நானும் கூட இருப்பேன்.

புது பஸ் வந்தால் ஏற மாட்டார். "இது ஆடாதும்மா" என்று விட்டுவிடுவார். கண்ணாடி எல்லாம் கடகடவென்று அடிக்கிற பழைய பஸ்ஸாகப் பார்த்து ஏறி, கடைசி சீட்டில், பின் சக்கரத்துக்கு மேலே உட்காருவார். உட்காருவார் என்றா எழுதினேன், பாதி நேரம் அந்தரத்தில்தான் இருப்பார். "லேப்ல இருக்கிற மெஷினு ஒரே பக்கமா சுத்துது. இது எட்டு பக்கமும் கலக்குது பாரு" என்று சந்தோஷமாகச் சொல்வார்.

அந்த விளக்கெண்ணெய்ச் சரக்குக்கு ஒரு நாற்றம் உண்டு. பழைய வேர்வை நாற்றம். விக்கிரவாண்டி டோல்கேட்டில் பஸ் நின்றால் காற்று நின்றுவிடும், நாற்றம் கிளம்பிவிடும். முன் சீட்டு அம்மா ஒருநாள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து நின்றார்.

"எவன்டா அது, மூணு நாளா குளிக்காதவன்?"

சரக்கு என்று சொன்னால் இறக்கிவிட்டுவிடுவார்கள். உமி சார் கையைத் தூக்கினார். "நான்தாங்க."

"பாத்தா படிச்சவன் மாதிரி கீற. குளிச்சா இன்னாய்யா?"

"நாளைக்கி குளிச்சிடறேங்க."

"நாளைக்கா? இன்னிக்கு போயி குளி."

"சரிங்க, இன்னிக்கே குளிச்சிடறேங்க."

கண்டக்டர் வேறு ரகம். அவருக்கு பலூன்தான் பிரச்சினை.

"சார், இன்னா அது பலூனு?"

"உள்ள இருக்கறதுக்கு வெளிக்காத்து ஆவாதுங்க. அதான் தனியா காத்து."

"உள்ள இன்னா இருக்குது? மூச்சு வுடுதா?"

"இல்லீங்க."

"மூச்சு வுட்டா ஒரு டிக்கெட்டு எடுக்கணும். பேஜாரு பண்ணாத."

ஒருநாள் அம்மா தோளில் இருந்த ஒரு கைக்குழந்தை பலூனைப் பிடித்து இழுத்து, பல் முளைத்த சந்தோஷத்தில் கடித்துவிட்டது. பட்டென்று வெடித்தது. டிரைவர் டயர் என்று நினைத்து பஸ்ஸை ஓரம் கட்டினார். உமி சார் குழாயின் வாயைக் கட்டைவிரலால் அடைத்தார். அடைத்த விரலை எடுக்கவே இல்லை. டிக்கெட் கேட்டபோது, "சட்டப்பையில கைய வுட்டு எடுத்துக்குங்க" என்றார். விழுப்புரத்தில் இறங்கி, ஆட்டோவில் ஏறி, வீட்டுக் கதவைக் காலால் உதைத்து, புது பலூன் மாட்டுகிற வரைக்கும் அந்தக் கட்டைவிரல் அங்கேயே இருந்ததாம். மறுநாள் வீங்கின விரலைக் காட்டிச் சொன்னார்.

அந்தக் குடுவைதான் சரியாக வந்தது. கட்டைவிரல் காரணமா, கடைசி சீட்டு காரணமா என்று அவருக்கும் தெரியாது. அதே மாதிரி திரும்ப மூன்று தடவை செய்தார், மூன்றும் வந்தன. பலூன் வெடிக்காமலே வந்தன.

இந்தத் தடவை நான் கழுவினேன் பாருங்கள். சோப்பே கிடையாது. ஐந்து தடவை, கடைசித் தடவை காய்ச்சி வடித்த தண்ணீர். ஹாஸ்டல் சமையல்காரரோடு தண்ணீருக்காகச் சண்டை போட்டேன். "பாட்டிலுக்கு இன்னா கல்யாணமா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். ஒவ்வொரு வரிசையிலும் ஒரு வெறும் பாட்டில் வைத்தோம். தினமும் காலையில் முதலில் அந்த வெறும் பாட்டிலைத்தான் பார்ப்போம். அது இருட்டாக இருந்தால்தான் மற்றதைப் பார்ப்பார்.

சிவப்பு. பத்தாம் நாளும் சிவப்பு. முப்பதாம் நாளும் சிவப்பு. சென்னையில் ஒரு ஆராய்ச்சிக்கூடத்துக்கு ஒரு பாட்டில் அனுப்பினார். அவர்கள் அதை உயிருள்ள செல்களோடு வைத்து, பெரிதாக்கிப் படம் எடுத்து அனுப்பினார்கள். ஒவ்வொரு செல்லுக்குள்ளும் சிவப்புப் புள்ளி. செல்லும் சாகவில்லை, வெளிச்சமும் சாகவில்லை. படத்தை எடுத்துக்கொண்டு முதலில் ஓடினது வளவனூர் மில்லுக்கு.

"உங்க உமிங்க இது."

மில்காரர் கண்ணாடி போட்டுப் பார்த்தார். "வெத்தல போட்டு செவுத்துல துப்புனாப்பல இருக்குதே" என்றார். ஆனால் அதில் ஒரு பிரதி கேட்டு வாங்கி, மில்லில் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டிக்கொண்டார்.

கடைசிப் பரீட்சைக்கு வெளியூரில் இருந்து ஒரு அம்மா வந்திருந்தார்கள். பெரிய பேராசிரியர். கதவுக்கு வெளியே நான் நின்றுகொண்டிருந்தேன். ரொம்ப நேரம் இங்கிலீஷ். பிறகு அந்த அம்மா தமிழில் கேட்டார்கள்: "போன தடவை சோப்புன்னு நீங்களே சொல்லியிருக்கீங்க. இந்தத் தடவை இது வேற அழுக்கு இல்லைன்னு எப்படி நம்பறது?"

"கழுவுனவங்களையே கேட்டுடுங்க மேடம்" என்று சொல்லிவிட்டு, உமி சார் வெளியே வந்து என் கையைப் பிடித்து உள்ளே இழுத்துவிட்டார். என் கை ஈரமாக இருந்தது. எட்டாவது கணக்குப் பரீட்சையில் எப்படி நின்றேனோ அப்படி நின்றேன்.

"எத்தனை தடவை கழுவுவீங்க?"

"அஞ்சு தடவைங்க."

"என்ன சோப்பு?"

"சோப்பே போடறதில்லீங்க. சோப்பு போட்டுதான் ஒரு தடவ மானம் பூட்டுதுங்க."

யாரோ சிரித்தார்கள். அந்த அம்மா சிரிக்கவில்லை. பெட்டிக்குள் தலையை விட்டு வெகு நேரம் பார்த்துவிட்டு, "இதுல எது வெறும் பாட்டில்?" என்று கேட்டார்கள்.

"எரியாததுங்க" என்றேன்.

அந்த அம்மா நிமிர்ந்து என்னைப் பார்த்தார்கள். பிறகு அவரைப் பார்த்து, "எனக்கு வேற கேள்வி இல்லை" என்றார்கள்.

எல்லோரும் கை கொடுத்தார்கள். எச்.ஓ.டி. மாலையே வாங்கி வைத்திருந்தார். சாப்பாட்டுக்கு எல்லோரும் கீழே போன பிறகு உமி சார் மட்டும் லேபுக்கு வந்தார். உடனே எங்கேயாவது ஓடப்போகிறார் என்று நினைத்தேன். மாலையைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு, பெட்டிக்குள் தலையை விட்டார். சன்னல் வெளிச்சம் உள்ளே போகாமல் இருக்க நான் கறுப்புத் துணியை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டேன்.

அறுபத்திரண்டாம் நாள் அது. அணைந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு நொடி போதும். ஒரு நொடி ஆயிற்று, ஐந்து நிமிஷம் ஆயிற்று. அவர் கால் ஆடவில்லை, விரல் ஆடவில்லை. கீழே சாப்பிடக் கூப்பிட்டார்கள், அவர் காதில் விழவில்லை. அவர் மூச்சு மட்டும் அட்டைக்குள்ளிருந்து மெதுவாகக் கேட்டுக்கொண்டிருந்தது.

எனக்குத் தோளில் இருந்து கை கடுக்க ஆரம்பித்தது. துணியை நான் இறக்கவில்லை.